ஒரு மாடி ஏற்றிப் பாடியவள்

"பாட்டுல என்னடா கஞ்சத்தனம்?" என்பாள். அத்தையிடம் நான் அதிகம் கேட்ட வார்த்தை அதுதான். மற்ற எல்லாவற்றிலும் அவளிடம் கஞ்சத்தனம் உண்டு. குழம்பில் கருவாட்டுத் துண்டு ஆளுக்கு ஒன்றுதான். சிரிப்பதும் அப்படித்தான், மூக்கால் ஒரு தடவை ஊதுவாள், அவ்வளவு. பாட்டு என்று வந்துவிட்டால் மட்டும் அவள் எவனையும் தரையில் விடமாட்டாள்.

சொந்த அத்தை இல்லை, முறைக்கு அத்தை. ஊருக்கு அவள் பாட்டுக்காரி. காட்டு வேலைக்குப் போகும்போது சேலைக்கு மேலே ஆண்பிள்ளைச் சட்டை ஒன்றைப் போட்டிருப்பாள். களை எடுக்கும்போதும் வாய் எதையாவது கோத்துக்கொண்டிருக்கும். உள்ளங்கை இரண்டும் வெடித்துக் காய்ந்த கண்மாய்த் தரை மாதிரி இருக்கும். அந்தக் கையால் கும்மி தட்டினால் சத்தம் தனியாகக் கேட்கும்.

உசிலம்பட்டியிலிருந்து பேரையூர் போகிற பாதையில் இறங்கி மேற்கே நடந்தால் எங்கள் ஊர். மழை பெய்தால் சோளம், பெய்யாவிட்டால் வெளியூர். பெரும்பாலும் பெய்யாது. முறுக்குக் கம்பெனி, ஓட்டல், போர்வெல் வண்டி, கட்டட வேலை என்று வீட்டுக்கு ஒருத்தராவது எங்காவது கிடப்பார்கள்.

பங்குனியில் காளியம்மனுக்குத் திருவிழா. பெண்கள் சட்டியில் தானியம் விதைத்து, வெளிச்சம் படாமல் முளைப்பாரி வளர்ப்பார்கள். பொழுது சாயும்போது கோயில் முன்னால் முளைகளை நடுவில் வைத்து வட்டமாக நின்று கும்மி தட்டுவார்கள். அத்தை ஒரு வரி எடுப்பாள், மற்றவர்கள் வாங்கிப் பாடுவார்கள். முதலில் அம்மன், அடுத்து மழை, அதற்குப் பிறகு வெளியூர் போன பிள்ளைகள். வீட்டுக்கு ஒரு பாட்டு. ஊர் காத்திருப்பது இந்த மூன்றாவதுக்குத்தான். இதில் அம்மனுக்கு வருத்தம் இருந்ததாகத் தெரியவில்லை.

திருவிழா நெருங்கும் நாட்களில், மத்தியான நேரத்தில், தாய்மார்கள் ஒவ்வொருத்தியாக அத்தை வீட்டுக்கு வருவார்கள். அவள் புளியில் கொட்டை எடுத்துக்கொண்டிருப்பாள். தலை நிமிராமலே கேட்பாள்.

"என்னத்தா, உம் மகன் எங்க இருக்கான்?"

"ஐதராபாத்துல மதினி. ஓட்டல்ல."

"ஓட்டல்ல என்ன வேல?"

வந்தவள் சேலை முந்தியைத் திருகுவாள். "தட்டு எடுக்குறானாம்."

"சரி போ. சாயங்காலம் கேட்டுக்க."

சாயங்காலம் இப்படி வரும்:

உண்டு முடிச்சு எந்திரிச்சா
ஓடிவந்து தட்டெடுக்க
ஆளு வச்சிருக்கான் – ராசாத்தம்பி
அம்புட்டுக்கும் மொதலாளி.

இதுதான் அவள் வேலை செய்கிற விதம். பொய்யை எங்கிருந்தோ பிடித்துக்கொண்டு வரமாட்டாள். தாய் சொன்ன நிஜத்தை வாங்கிக்கொள்வாள். அதே ஓட்டல், அதே தட்டு. ஆளை மட்டும் இடம் மாற்றி நிறுத்துவாள். செங்கல் சுமக்கிறவன் மேல்மாடியில் கட்டில் போட்டுப் படுத்திருப்பான். லாரியில் கிளீனராகப் போனவன், டிரைவரை ஓட்டச் சொல்லிவிட்டுப் பக்கத்தில் தூங்கிக்கொண்டு வருவான். தாய்க்கு அது பொய் என்று தெரியும். பக்கத்து வீட்டுக்காரிக்கும் தெரியும். ஆனாலும் அந்த வரி வரும்போது எல்லோரும் அந்தத் தாயைத் திரும்பிப் பார்ப்பார்கள். அவள் தலையைக் குனிந்துகொள்வாள், வெட்கப்பட்ட பெண் மாதிரி.

இப்போது பிள்ளைகள் அதைப் போனில் எடுத்து, எங்கிருந்தோ கிடைத்த கண்ணாடிக் கட்டடங்களின் படத்தை மேலே ஒட்டி, ஸ்டேட்டஸ் வைக்கிறார்கள். வெளியூரில் வேலைக்கிடையில் நாங்களே அதைப் பார்த்திருக்கிறோம். கைகழுவிவிட்டு வந்து, எங்களைப் பற்றிய பாட்டை, எங்களுடையது அல்லாத மாடிகளின் படத்தோடு பார்ப்போம். ஒருத்தனும் சிரித்ததில்லை.

நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். அத்தை பாட்டில் வந்த மாடிகளைப் பார்க்கத்தான் ஊரை விட்டுக் கிளம்பினேன் என்று சொன்னால் பாதி உண்மை. மாடிகள் இருக்கத்தான் செய்தன. சிமெண்டுச் சட்டியோடு ஏறினேன். ஒரு வேலையில் நிலைத்ததில்லை. ஒவ்வொரு பங்குனிக்கும் வந்துவிடுவேன். ஒரு தடவை அவளிடமே கேட்டேன்.

"ஏன் அயித்த, நீ பாடுறத நம்பித்தான் பயலுக கெளம்புறாங்க. பாவமில்லயா?"

"நம்பாட்டி மட்டும் இங்க என்னத்தப் பண்ணப் போறாங்க? கண்மாய்ல மீன் புடிக்கவா? அதுல தண்ணி கெடந்து எம்புட்டு நாளாச்சு."

"அதுக்காக இம்புட்டா?"

"பாட்டுல என்னடா கஞ்சத்தனம்? பெத்தவ வருசம் பூரா வாய மூடிக்கிட்டுக் கெடக்கா. ஒரு பொழுதாச்சும் அவ காது குளுரட்டும்."

அவள் புருசனும் வெளியூர் போனவர்தான். கேரளாப் பக்கம் போனவர் திரும்பவில்லை. அங்கே வேறு குடும்பம் இருப்பதாகக் கேள்வி. ஒரு வருடம் கும்மி முடிந்ததும் யாரோ ஒருத்தி வாயைக் கிண்டினாள்: "ஊர்ல இருக்க எல்லாத்தையும் பாடுறியே மதினி, எங்க அண்ணனுக்கு ஒரு வரி போடக்கூடாதா?"

அத்தை முகம் மாறவில்லை. "உங்கண்ணன ஒரு மாடி ஏத்தி விட்டேன்னு வையி, அங்கயே சொகமா இருந்துக்குவான். எறங்கி வாரதுக்கு வழி வேண்டாமா? அவன் தரையிலயே கெடக்கட்டும்."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவள் அதை விளையாட்டாகச் சொல்லவில்லை என்பது பாண்டி விஷயத்தில்தான் எனக்கு உறைத்தது.

பாண்டியும் நானும் ஒரே வயது. பூனாவுக்கு அந்தப் பக்கம் ஒரு முறுக்குக் கம்பெனியில் சேர்ந்து வேலை பார்த்தோம். முதலாளி எங்கள் பக்கத்து ஆள்தான். ஒரு நாள் எண்ணெய்ச் சட்டி சரிந்து பாண்டியின் இடது கையில் கொட்டிவிட்டது. மருந்துக்கடைக் களிம்போடு வைத்தியம் முடிந்தது. புண் ஆறியபோது விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, கை ஒரு கட்டை மாதிரி ஆகிவிட்டது. அந்தக் கையால் மாவு பிசைய முடியாது. "இதோட ஊருக்கு எப்படிடா போவேன்?" என்று கேட்டுக்கொண்டே இருந்தான். ஒரு காலையில் பார்த்தால் ஆள் இல்லை, பையும் இல்லை. பஸ் ஸ்டாண்டிலும் ரயில் ஸ்டேஷனிலும் தேடினேன். போன் அணைந்திருந்தது.

திருவிழாவுக்கு வந்ததும் அவன் அம்மாவிடம் சொன்னேன். முதலாளி எனக்கு முன்னாலேயே போன் போட்டு, பாண்டி வேறு கம்பெனிக்கு மாறிவிட்டான், அங்கே டவர் கிடைக்காது என்று சொல்லியிருந்தார். அவளுக்கு அதை நம்புவது சுலபமாக இருந்தது. ஊர்ப் பெரியவர்கள் முதலாளிக்குச் சொந்தக்காரர்கள். எந்த வேலையிலும் நிலைக்காத என் பேச்சு அவர்களிடம் எடுபடாது.

ஒரே ஒரு வழி இருந்தது. சில வருடங்களுக்கு முன்னால் ஒருத்தன் பெயர் கும்மியில் வரவில்லை. கும்மி கலைந்ததும் பெரியவர்கள் நேராக அவன் வீட்டுக்குப் போய் என்ன ஏது என்று விசாரித்தார்கள். ஊரிலிருந்து இரண்டு பேரை ஆந்திராவுக்கு அனுப்பித் தேடினார்கள். புத்தி பேதலித்து ஒரு கோயில் வாசலில் கிடந்தவனைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார்கள். எங்கள் ஊரில் பாட்டில் பெயர் இல்லை என்றால் ஆள் இல்லை என்று அர்த்தம். ஆள் இல்லை என்றால் ஊர் தேடியாக வேண்டும்.

அத்தையிடம் கையைப் பற்றி எல்லாவற்றையும் சொன்னேன். புளிக்கொட்டை எடுத்த விரல் நின்றுவிட்டது.

"இந்த வருசம் அவனப் பாடாத அயித்த. ஊரு கேக்கட்டும்."

கையிலிருந்த கொட்டையைத் தட்டில் போட்டாள். பிறகு, "சரிடா மருமகனே, விட்டுடுறேன்" என்றாள்.

மறுநாள் மத்தியானம் நான் அத்தை வீட்டில் கட்டிலுக்குக் கயிறு பின்னிக்கொண்டிருந்தேன். பாண்டியின் அம்மா வந்தாள். என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"மதினி, இன்னைக்கி மாப்ள வீட்டுக்காரங்க கும்மி பாக்க வாராக. மகன் என்ன பண்றான்னு கேட்டாக. பாட்டுல வரும், கேட்டுக்கங்கன்னு சொல்லிப்புட்டேன்."

பாண்டிக்கு ஒரு தங்கை. அவளுக்கு வந்த சம்பந்தங்கள் அப்பன் இல்லாத வீடு, அண்ணன்காரன் நிலை தெரியவில்லை என்று தட்டிப்போய்க் கொண்டிருந்தன.

அத்தை கேட்டாள்: "உம் மகன் பேசி எம்புட்டு நாளாச்சு?"

"பேசாட்டி என்ன? நல்லாத்தான் இருப்பான்."

"இந்தா, இவன் ஒண்ணு சொல்றானே."

"இவன் சொல்றதுல எது நெசம் மதினி? இவனே காத்துல அடிச்ச துணி மாதிரி அலையுறான்." பிறகு அவள் குரல் இறங்கிவிட்டது. "இதுவும் தட்டிப்போச்சுன்னா நான் அவள வச்சுக்கிட்டு எங்கிட்டுப் போவேன்?"

அத்தை புளியை முறத்தில் போட்டுப் புடைக்க ஆரம்பித்தாள். எனக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்றுவாள் என்றுதான் நினைத்தேன்.

சாயங்காலம் மாப்பிள்ளை வீட்டார் பிளாஸ்டிக் நாற்காலிகளில் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். அத்தை எப்போதும் போல் தரையைப் பார்த்தபடி பாடினாள். பாடும்போது அவள் யார் முகத்தையும் பார்க்கமாட்டாள். மற்ற பிள்ளைகள் எல்லோரும் வந்து போனார்கள். கடைசியில்,

கடையொண்ணு போட்டிருக்கான்
கடைமேல மாடிகட்டி
இடதுகையப் பாருங்கடி – பாண்டித்தம்பிக்கு
அஞ்சுவெரலும் மோதரமாம்.

"அஞ்சு வெரலுக்குமா!" என்று மாப்பிள்ளையின் அம்மா வாயில் கைவைத்துச் சிரித்தாள். அந்தச் சிரிப்பிலேயே சம்பந்தம் முடிந்துவிட்டது.

நான் மனசு கேட்காமல் பெரியவர் ஒருத்தரிடம் போனேன். அவர் என்னைப் பேசவிடவில்லை. "அதேன் பாட்டுலயே வந்துருச்சேப்பா. கடை வச்சு மாடி கட்டியிருக்கானாம்ல. கூடப் போனவன் நல்லா இருந்தா உனக்கு ஏன் இந்த வயித்தெரிச்சல்?"

பாண்டி அன்றோடு தேடப்பட வேண்டியவன் இல்லை என்று ஆனான்.

அத்தை கோயில் குழாயில் கைகழுவிக்கொண்டிருந்தாள். "விட்டுடுறேன்னு சொன்னியே அயித்த" என்றேன்.

"சொன்னேன். எங்கயோ போனவனத் தேடுறதா, கண்ணு முன்னால நிக்கிறவளக் கரையேத்துறதா? நீ சொல்லு பாப்போம்."

அவள் மூட மறந்த குழாயை மூடினேன்.

"சரி. பாடுனதுதான் பாடுன, அந்தக் கையவா பாடணும்?"

"நீ சொன்னதுல இருந்து அந்தக் கைதாண்டா என் கண்ணுக்குள்ள நிக்குது. வேற ஒண்ணும் வரல" என்றாள். ஈரக் கையைச் சேலையில் துடைத்தாள், துடைத்துக்கொண்டே இருந்தாள்.

பாட்டில் ஏற்றியவனை இறக்க முடியாது. அடுத்த வருடம் பாண்டிக்கு இரண்டாவது கடை வந்தது, அதற்கு அடுத்த வருடம் மாடிமேல் மாடி. தங்கைக்குக் குழந்தை பிறந்தது. மாமன் வந்து மடியில் வைத்துக் காது குத்த வேண்டும் என்று மாப்பிள்ளை வீட்டார் கேட்டபோது, கடையைப் போட்டுவிட்டு வர முடியவில்லையாம் என்றாள் அவன் அம்மா. சொல்லச் சொல்ல அவளே நம்பிவிட்டாள். உசிலம்பட்டி பஸ்ஸில் பக்கத்தில் உட்காருகிறவர்களிடம் கையை விரித்துக் காட்டுவாள்: "அஞ்சு வெரலும் மோதரம் எம் மகனுக்கு."

ஒரு பங்குனிக்கு என்னால் வர முடியவில்லை. ஆவணியில் ஒரு சாவுக்கு வந்தபோது அத்தை என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். ஆள் மெலிந்திருந்தாள்.

"கும்மி அன்னைக்கி தண்ணித் தொட்டிகிட்ட ஒரு ஆளு நின்னான்டா. தலையில துண்டு. எடது கைய மடிச்சுத் துண்டுக்குள்ள வச்சிருந்தான்."

"பாண்டியா?"

"மூஞ்சி தெரியல. நான் எப்பவும் நிமிந்து பாக்குறதில்ல, உனக்குத் தெரியும்ல. அந்த மோதர வரி எடுத்தப்ப என்னமோ நிமிந்தேன். என்னையவே பாத்துக்கிட்டு நின்னான்."

"பாட்ட நிறுத்திட்டுப் போயிருக்கலாம்ல அயித்த?"

"நடுவுல பாட்ட அறுக்கக் கூடாதுடா. மொளை சாஞ்சிரும். ஊருக்கு ஆகாது." அதை அவள் எனக்குச் சொன்னமாதிரி இல்லை. "வட்டம் முடிஞ்சதும் ஓடுனேன். ஆளு இல்ல. எவனோ மதுர வண்டியில ஏறிப் போனான்னு பெட்டிக்கடைல சொன்னாங்க."

"அவங்க அம்மாகிட்டச் சொன்னியா?"

"என்னன்னு சொல்ல? உம் மகன் வந்தான், நான் பாடுனதக் கேட்டான், போயிட்டான்னா?"

அதற்குப் பிறகு அவள் என்னிடம் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. ஆனால் பாட்டை விடவும் இல்லை. தாய்மார்கள் வந்துகொண்டுதான் இருந்தார்கள்.

நான் அவளைக் கடைசியாகப் பார்த்தது அதற்குப் பிந்திய ஒரு பங்குனியில். அப்போது கோயம்புத்தூரில் ஒரு பெரிய துணிக்கடை வாசலில் எனக்கு வேலை. தொப்பி வைத்த யூனிபார்ம் போட்டுக்கொண்டு, வருகிற கார்களின் கதவைத் திறந்துவிட வேண்டும். வெயிலில் நின்று நின்று கால் வீங்கி நடக்க முடியாமல் போனது. வேறு ஆள் போட்டுவிட்டார்கள். அம்மாவிடம் வேலையைப் பற்றிச் சொல்லியிருந்தேன், வேலை போனதைச் சொல்லவில்லை. இனிமேல் எங்கும் போவதில்லை, அம்மாவோடு இருந்து ஆடு மேய்த்தாவது பிழைப்பது என்று முடிவு செய்துதான் கிளம்பினேன். மதுரை ஆரப்பாளையத்தில் இறங்கி, உசிலம்பட்டி வண்டி பிடித்து, ஊருக்குள் நுழையும்போது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. கும்மிச் சத்தம் கேட்டது.

கால் வலித்தது. சாய்ந்து நிற்க இடம் பார்த்தேன். தண்ணித் தொட்டி இருந்தது. அங்கிருந்து பார்த்தால் வட்டம் முழுவதும் தெரிந்தது. அம்மா முன்வரிசையில் தரையில் உட்கார்ந்திருந்தாள். நான் பார்த்திராத புதுச்சேலை. பக்கத்தில் இருந்தவளிடம் என்னவோ சொல்லிக்கொண்டிருந்தாள்.

ஊர்ஊராப் போன மகன்
ஒரு ஊர வாங்கிப்புட்டான்
காரு வந்து நின்னாலே – செல்வத்தம்பிக்குக்
கதவு தெறக்க ஆளிருக்கு.

செல்வம் நான்தான். எல்லோரும் அம்மாவைத் திரும்பிப் பார்த்தார்கள். அம்மா தலையைக் குனிந்துகொண்டாள். நான் வளர்ந்தபிறகு அவள் முகத்தை அப்படிப் பார்த்ததில்லை. என் தோளில் பை இருந்தது. அதற்குள் ஒரு கைலி, ஒரு துண்டு, இரண்டு சட்டை, திருப்பிக் கொடுக்க மறந்த அந்தத் தொப்பி. வட்டத்தைத் தாண்டி நாலு எட்டு வைத்தால் அம்மாவிடம் போய்விடலாம். போனால் அந்த முகம் அப்படி இருக்காது. பாண்டியும் இதே தொட்டியில் சாய்ந்துதான் நின்றிருப்பான்.

அப்போது அத்தை நிமிர்ந்தாள். என்னைப் பார்த்துவிட்டாள்.

வாய் நிற்கவில்லை, கையும் நிற்கவில்லை. ஆனால் அடுத்த வீட்டுப் பாட்டுக்குப் போகாமல், "காரு வந்து நின்னாலே" என்று அதையே மறுபடி எடுத்தாள். பெண்கள் வாங்கிப் பாடினார்கள். முடிந்ததும் திரும்பவும் அதையே எடுத்தாள். கண் என்மேலேயே இருந்தது. பெண்கள் ஒருத்தியை ஒருத்தி பார்த்துக்கொண்டார்கள், ஆனாலும் பாடினார்கள். வட்டம் முடிகிறவரை அவளால் வெளியே வர முடியாது. அதை முடிக்காமல் இழுத்துக்கொண்டே போனாள். எனக்கு வருவதற்கு நேரம் கொடுத்தாளா, போவதற்கு நேரம் கொடுத்தாளா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

பையிலிருந்து துண்டை எடுத்துத் தலையில் போட்டுக்கொண்டேன். பஸ் நிறுத்தம் வரை அந்த வரி பின்னால் கேட்டுக்கொண்டே இருந்தது. மதுரை வண்டி வந்தது. ஏறிக்கொண்டேன்.

மறுநாள் அம்மா போன் செய்தாள். மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டில் ஒரு டீக்கடைப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன்.

"டே செல்வம், நேத்து நீ இருந்திருக்கணும்டா. பாட்டுக்காரி உன்னயப் பாடுனா பாரு, விடாமப் பாடுனா. வேற யாருக்கும் அம்புட்டு நேரம் பாடல. தொண்ட கட்டிப்போச்சு அவளுக்கு, இன்னைக்கிப் பேச்சே வரல."

"அப்படியாம்மா" என்றேன்.